சத்தம் போடாத மூன்றாம் வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே சுவர் கிடையாது. நீளமான ஒரே கூடம். ஒன்றாம் வகுப்பு தெரு வாசல் பக்கம், ஐந்தாம் வகுப்பு கடல் பக்கம், மற்ற மூன்றும் நடுவில். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு பெஞ்சு கிடக்கும். அதுதான் எல்லை. தலைமையாசிரியர் சுவரோரம் மேசை போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடியபடியே எல்லா வகுப்பையும் கவனிப்பார். எந்தப் பக்கம் சத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம் பாடம் நடக்கவில்லை என்பது அவர் முடிவு.

“கடல் எரைச்சலையும் தாண்டி ரோட்டுக்குக் கேக்கணும் டீச்சர். அப்பந்தான் அது பள்ளிக்கூடம். இல்லாட்டா உப்புக் குடோன்” என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

எனக்கோ குரலே கிடையாது. தூத்துக்குடிக்குத் தெற்கே பனங்காட்டுக்குள் எங்கள் ஊர். அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் விலை கேட்டால் பதில் சொல்லக் கூசி, அப்பாவைக் கூப்பிட உள்ளே ஓடுகிற பிள்ளை நான். எட்டாம் வகுப்புத் தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தூத்துக்குடியில் இந்தக் கடலோரப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக வந்தேன். பயிற்சியில் எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். கத்த மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை.

ஆனால் மூன்றாம் வகுப்பு நன்றாகவே கத்தியது. அதற்கு நான் தேவைப்படவில்லை. வகுப்பை நடத்தச் சட்டாம்பிள்ளையாக ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா துறைமுகத்தில் தோணி ஓட்டுகிறவர். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கேட்கிற மாதிரியான குரல் அவனுக்கும் வாய்த்திருந்தது. யுத்த காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. நான்கைந்து பேருக்கு ஒரு பாடப்புத்தகம்தான். அவன் எழுந்து ஒரு வரியை ராகத்தோடு சொல்லுவான். மற்றவர்கள் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லுவார்கள். கரையில் வலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டு இழுப்பார்களே, அதே முறை. அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியது. வலை கரைக்கு வந்துவிடும். பாடமும் அப்படியே வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒருநாள் சட்டாம்பிள்ளை பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் புத்தகத்தில் இரண்டு தாள்கள் சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தன போலிருக்கிறது. “பசு சாதுவான பிராணி. அது காலையில் எழுந்து” என்றான். வகுப்பும் சொன்னது. பக்கத்தைத் திருப்பி, “காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுப்பார்” என்றான். வகுப்பு அதையும் கொஞ்சமும் தயங்காமல், ராகம் பிசகாமல் சொன்னது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களில் யாருக்குமே படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரியும், ராகம் தெரியும். எழுத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது என்பது தெரியாது.

அதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். மற்ற வகுப்புகளின் கூச்சலில் என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு காலை, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் கரும்பலகையில் எழுதினேன். கரும்பலகை என்றால் பழைய வள்ளத்துப் பலகையை இழைத்துக் கரி பூசியது. ஓரத்தில் ஆணித் துளைகள்கூட இருந்தன. அதில் பெரிய எழுத்தில், “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று எழுதினேன்.

சட்டாம்பிள்ளை உட்கார்ந்தபடியே, “எல்லோரும் எழுந்து நில்லுங்க…ள்” என்று ராகம் போட்டான்.

“எல்லோரும் எழுந்து நில்லுங்க…ள்” என்றது வகுப்பு, உட்கார்ந்தபடியே.

நான் சுண்ணாம்புக் கட்டியால் பலகையைத் தட்டினேன். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்து, கூரை அதிரச் சொன்னார்கள். தலைமையாசிரியர் திருப்தியோடு தலையாட்டுவது தெரிந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில், கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை என்று கண்டதும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பற்றித் தலைமையாசிரியர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். “அந்தக் கடைசிப் பிள்ளையக் கணக்குல சேத்துக்கிடாதிய. போன வருசமே பெயிலு.” அவளுக்கு வாய் திக்கும். கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது திக்காது. தனியாக எழுப்பினால் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உரக்கப் படிக்கச் சொல்லுவார். அதில் தேறியவர்களுக்குத்தான் நாலாம் வகுப்பு. போன வருடம் இவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இந்த வருடமும் நிறுத்திவிட்டால் அவளை உப்பளத்துக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் முடிவாகியிருந்தது.

நாற்பது பேரில் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான் என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. அவள் இடத்துக்குப் போய்க் கையைப் பிடித்து மறுபடியும் எழுப்பினேன். பலகையைக் காட்டினேன், அவளைக் காட்டினேன். வகுப்பு முழித்தது. சட்டாம்பிள்ளை மட்டும் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏலே! நிக்கச் சொல்லிருக்குலே!” என்று துள்ளி எழுந்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் தொண்டை சரியாகிவிட்டது. ஆனால் நான் பேச்சுக்குத் திரும்பவில்லை. காலையில் தலைமையாசிரியருக்காக ராகப்பாட்டு. மதியத்துக்கு மேல் மூன்றாம் வகுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது, நானும்தான். சொல்ல வேண்டியதெல்லாம் பலகையில். எனக்கு அது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

“ஜன்னலைச் சாத்து” என்பது போலச் சின்னதாகத் தொடங்கினேன். பிறகு, “ஜன்னலைச் சாத்தாதே” என்று எழுதினால் பாதி வகுப்பு எழுந்து ஓடிச் சாத்தியது. முதல் சொல்லைப் பார்த்ததுமே கால் ஓடிவிடும். அப்புறம், “உன் சிலேட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடு. ஆனால் முதலில் அதில் உன் ஊர்ப் பெயரை எழுது” என்று நீட்டினேன். கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள். சண்டை வந்தது. முடிவு வரை படித்த பிறகே அசைய வேண்டும் என்பது அவர்களுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. கடைசிப் புள்ளிக்குக் கண் போகும் வரை உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். திக்கும் பெண்ணுக்கு இது சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து பழகியவள் அவள்.

மற்ற ஆசிரியர்கள் விடுவார்களா? நாலாம் வகுப்பு வாத்தியார் பெஞ்சைத் தாண்டி எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், மூணாங் கிளாஸ்ல துட்டி வீடா? யாரு செத்தா? சொல்லி அனுப்பினா நாங்களும் வந்திருப்பமே” என்பார். தலைமையாசிரியர் நேரே வந்து, “பிள்ளையளுக்கு என்ன, வயித்து வலியா?” என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “இன்ஸ்பெக்டர் வார நேரம் இது. சத்தம் வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்ட சத்தம் ஒருநாள் வந்தது. அன்று பலகையில், “கடலில் ஒரு வள்ளம் நிற்கிறது. அதில் மூன்று பேர் போனார்கள். இப்போது ஒருவர் தண்ணீருக்குள் இருக்கிறார். இதைப் படமாக வரை” என்று எழுதியிருந்தேன். வரைந்து முடித்துச் சிலேட்டுகளைத் தூக்கிக் காட்டியபோது, பாதிப் பேர் வள்ளத்தில் மூன்று தலையும் தண்ணீரில் ஒரு தலையும் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் வள்ளத்தில் இரண்டு தலை.

“ஏலே, ஆளு கொறையுதுல! ஒருத்தன முழுங்கிட்டியா?”

“ஒனக்குத்தாம்ல ஆளு கூடுது. மூணு பேருதான போனாவ? நாலாவது ஆளு எங்கனயிருந்து வந்தான்? மீனு குட்டி போட்டுச்சா?”

“தண்ணிக்குள்ள ஒருத்தருன்னு தனியால்லா எழுதியிருக்கு!”

“‘இப்போது’ன்னு எழுதியிருக்கப் பாருல, கண்ணு தெரியலையா? மொதல்ல மூணு பேரு. இப்ப ஒருத்தரு குதிச்சிட்டாரு!”

வாய் திறக்கக் கூடாது என்பது யாருக்கும் நினைவில்லை. நானும் நினைவூட்டவில்லை. பசுவுக்குக் காக்கிச் சட்டை போட்டபோது ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளைகள், ஒரு ‘இப்போது’க்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தன் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். வள்ளத்தில் ஒருவர் துடுப்போடு, இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. கயிறு தண்ணீருக்குள் நேராக இறங்கி, கீழே சங்கு பொறுக்கும் ஆளின் இடுப்பில் முடிந்தது. கூச்சல் அடங்கியது. “ஆமால. அவ அய்யா வேலைல்லா அது. அவளுக்குத் தெரியாதா?” என்றான் சட்டாம்பிள்ளை. ஆனால் அவள் தலையை ஆட்டி மறுத்து, பலகைக்குப் போய் ‘இப்போது’ என்ற சொல்லின் கீழே விரலை வைத்தாள். அப்பாவின் வேலையிலிருந்து இல்லை, பலகையிலிருந்துதான் எடுத்தேன் என்று.

அவள் அப்பா சங்கு குளிக்கும் வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர். இன்ஸ்பெக்டர் வரப்போகிற செய்தி ஊரில் பரவியதும் ஒரு மதியம், ஈர வேட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“டீச்சரம்மா, ஒரே வார்த்த. இந்த வருசம் இவ நாலாங் கிளாஸுக்கு மாறுவாளா, மாற மாட்டாளா? அவ அம்ம உப்பளத்துக்குப் போறா. மாற மாட்டான்னா இவளும் நாளைக்கே கெளம்பட்டும். சும்மா பெஞ்சத் தேச்சிக்கிட்டு எதுக்கு இருக்கணும்? வாயே தொறக்க மாட்டுக்கா.”

முன்பின் தெரியாத ஆண்களோடு பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயைப் பொறுத்தவரை அவளும் நானும் ஒரே கட்சி. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினேன்: “அப்பாவின் தோளில் இருக்கும் துண்டை வாங்கு. அவர் முகத்தைத் துடைத்துவிடு. துண்டை மடித்து, அவர் கையில் கொடுக்காமல், அவர் தலையில் வை.”

அவள் படித்தாள். கடைசிப் புள்ளி வரை பொறுத்தாள். பிறகு எழுந்து போய், துண்டை உருவி, எட்டி அவர் முகத்தைத் துடைத்து, அழகாக மடித்தாள். அவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. அவரைக் குனியச் செய்து தலையில் வைத்தாள். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

“ஏளா, என்னளா இது கூத்து? யாரு சொன்னா ஒனக்கு?”

“போர்டு சொல்லிச்சு மாமா” என்றான் சட்டாம்பிள்ளை.

அவர் பலகையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தலையிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டே சிரித்தார். “அப்ப இது நம்ம கயிறுல்லா! கீழ கெடக்கவன் தண்ணிக்குள்ள வாயத் தொறக்கவா முடியும்? ஒரு சுண்டு சுண்டுவான். நான் புரிஞ்சி தூக்கணும். சரி, பிள்ள படிச்சிருக்கா.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவர், நின்று கேட்டார்: “ஆனா டீச்சரம்மா, இன்ஸ்பெக்டரு கயிறு பிடிப்பாரா? அவரு வாயத் தொறன்னுல்லா சொல்லுவாரு.”

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கட்டினேன். “ஐயா, இந்தப் பிள்ளைக்கு வாய் திக்கும், வாசிக்கத் தெரியும்.” அவ்வளவுதான். கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். நடந்து வரும்போது சொல்லிப் பார்த்தேன்.

அவர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் கறுப்புக் குடை. தலைமையாசிரியர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு கூடவே வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். ராகம் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, சொல்வது போல வாசித்தார்கள். தலைமையாசிரியர் முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு போனார். அவள் முறை வந்தது.

எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள். உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

“ம், படி” என்றார் அவர். பென்சில் இறங்கத் தயாராக இருந்தது.

நான் கட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை. அவள் அங்கே, நான் இங்கே, இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். கை மட்டும் பழக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தது. திரும்பிப் பலகையில் எழுதினேன்: “ஐயா, தயவுசெய்து நீங்களே இதில் ஏதாவது எழுதுங்கள். அவள் செய்வாள்.” எழுதிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை அவர் பக்கம் நீட்டினேன்.

தலைமையாசிரியர், “ஐயா, புது டீச்சர், தெரியாம…” என்று தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கட்டியை வாங்கினார். எழுதினார்:

“என் குடையை எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடு.”

தலைமையாசிரியர் உடனே கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றார். இன்ஸ்பெக்டர் கீழே இன்னொரு வரி எழுதினார்:

“வெளியே மழை பெய்தால் மட்டும் கொடு.”

பங்குனி மாதத்துத் தூத்துக்குடி. கூரை ஓடு சுட்டுக்கொண்டிருந்தது. அவள் கடைசிப் புள்ளி வரை படித்தாள். புத்தகத்தை வைத்தாள். குடையைத் தாண்டி நடந்தாள். வாசலுக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாத்தியளா ஐயா? குடையத் தொடக்கூட இல்ல. நான் அப்பவே சொன்னேன், இந்தப் பிள்ள…” என்றார் தலைமையாசிரியர், நீட்டிய கையை மடக்காமல்.

“இரண்டாவது வரியையும் படியுங்கள் சார்” என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைமையாசிரியர் படித்தார். கை தானாகக் கீழே இறங்கியது. வகுப்பில் ஒருவன் களுக்கென்றான். இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் குனிந்து, சிலேட்டைக் காட்டி, “ஏன் கொடுக்கவில்லை? எழுது” என்றார். அவள் எழுதிக் காட்டினாள்: “மழை இல்லை ஐயா. குடை உங்களுக்கு வெயிலுக்கு வேண்டும்.”

அவர் அந்தச் சிலேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். “இந்தப் பிள்ளையைப் போன வருஷம் நிறுத்தியது யார்?” என்று உரக்கக் கேட்டார்.

தலைமையாசிரியர் தயங்கினார். “தாங்கள்தான் ஐயா.”

இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். “அப்படியானால் நானே மாற்றிவிடுகிறேன்” என்று சொல்லிக் குறித்தார். “நாலாம் வகுப்பு.”

அதோடு அவர் போகவில்லை. பையிலிருந்து, பிள்ளைகள் பார்த்தே இராத ஒரு கதைப் பக்கத்தை எடுத்துப் பலகையில் எழுதிப்போட்டு, இதில் வரும் வியாபாரி நல்லவனா கெட்டவனா என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒவ்வொருவனும் தன் கட்சிக்குப் பலகைக்கு ஓடி ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது, “எல்லா வகுப்பிலும் தினமும் கொஞ்ச நேரம் இப்படி நடக்கட்டும்” என்றார்.

“ஐயா, சத்தம் இல்லாட்டா பள்ளிக்கூடம் லீவுன்னு ஊர்க்காரவுக நெனைச்சிருவாவளே” என்றார் தலைமையாசிரியர், பரிதாபமாக.

“நினைத்தால் வந்து பார்க்கட்டும்” என்றார் அவர், குடையை விரித்துக்கொண்டே.

அவளுடைய அப்பா வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. வாசல் சுவரோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கூடத்துக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்ஸ்பெக்டர் தெருத் திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, வாசல்படியில் ஏறி, “ஏளா, என்ன ஆச்சு? வாயத் தொறந்தியா?” என்றார்.

அவள் அவர் எதிரில் போய் நின்றாள். வாய் திறக்கவில்லை. அவர் தோளில் தொங்கிய துண்டின் நுனியைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டினாள்.

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு புரிந்தது. “ஏ…லே!” என்று கத்திக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படியே அள்ளித் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். வாசல் நிலையில் அவள் தலை இடித்தது. அவளுக்கு அது வலிக்கக்கூட இல்லை. அவள் மேலே இருந்து எங்கள் வகுப்பைப் பார்த்தாள். சட்டாம்பிள்ளை பெஞ்சு மேல் ஏறி நின்று, “மாமா, சங்கு கெடச்சிருச்சா?” என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவள் நான். அன்று முந்தானையைத் தேட மறந்துவிட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். ஓட்டுக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

தலைமையாசிரியர் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். “மூணாங் கிளாஸ்ல யாரு அங்க சத்தம்?”

நாற்பது பேரும், ராகம் இல்லாமல், ஒரே குரலில் சொன்னார்கள்:

“டீச்சர், சார்!”